ஈஃபாஃப் கப், ஈஎஃப்எல் பௌல்: ஐரோப்பாவோட ரெண்டாம் அடுக்குக் கோப்பை யாருக்காக நடந்துச்சு?

மூணாவது டவுன் எழுதியது:

போன வாரம் வேற ஒரு இழையில ஒருத்தர் "ஐரோப்பால 2021ல ஈஎல்எஃப் (யூரோப்பியன் லீக் ஆஃப் ஃபுட்பால்) வந்தப்புறம்தான் அமெரிக்கன் ஃபுட்பாலே ஆரம்பிச்சுது"ன்னு அடிச்சு விட்டிருந்தார், யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான யூரோபௌலோட முதல் ஃபைனல் 1986ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்துச்சு ஐயா. ஃபின்லாந்தோட வான்டா டாஃப்ட் 20-16னு இத்தாலியோட பொலோன்யா டவ்ஸை ஜெயிச்சாங்க. இங்க எழுதுற பாதிப்பேர் அப்ப பொறக்கவே இல்ல.

சரி அது மேல் அடுக்கு, அதைப் பத்தி விக்கி பாத்து யார் வேணா எழுதலாம். எனக்கு இதுல ரொம்ப நாளா உறுத்துறது கீழ் அடுக்கு. 2002லேர்ந்து 2013 வரைக்கும் ஈஃபாஃப் (அப்ப இருந்த ஐரோப்பிய அமெரிக்கன் ஃபுட்பால் சம்மேளனம்) பேர்ல ஈஃபாஃப் கப்னு ஒண்ணு ஓடிச்சு, யூரோபௌலுக்குத் தகுதி இல்லாத இல்ல செலவுக்குப் பயந்த கிளப்களுக்கு. 2014ல எல்லாப் பேரையும் கலைச்சுப் போட்டாங்க. மேல் அடுக்கு பிக் சிக்ஸ்னு ஆறு டீம் போட்டி ஆச்சு (ஃபைனல் பேர் யூரோபௌலேதான்), அதுவரைக்கும் மேல இருந்த ஈஎஃப்எல் (யூரோப்பியன் ஃபுட்பால் லீக்)ங்கிற பேர் கீழ இறங்கிடுச்சு, கீழ் அடுக்கு ஃபைனலுக்கு ஈஎஃப்எல் பௌல்னு பேர். இப்ப அதுவும் போச்சு.

என் கேள்வி நேரடியானது. டிவி காசு இல்லாம, ஸ்டேடியம் நிறையாம, சொந்தக் காசுல பஸ் பிடிச்சுப் போய் ஆடுற ஒரு ரெண்டாம் தர இன்டர்நேஷனல் கோப்பை யாருக்கு என்ன கொடுத்துச்சு? ஒண்ணுமே இல்லங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க ஆதாரத்தோட வாங்க.

---

ரெட்ஸோன் ரவுடி எழுதியது:

வந்துட்டேன் அண்ணே. பெர்லின் ஆட்லர். 2008ல ஈஃபாஃப் கப் ஜெயிச்சாங்க, 2009ல ஜெர்மன் பௌல் (ஜெர்மன் லீக் ஃபைனல்), 2010ல யூரோபௌல் ஃபைனல்ல வியன்னா வைகிங்ஸை 34-31னு சாய்ச்சாங்க. படி படியா ஏறிருக்காங்க, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும். வைகிங்ஸ் அப்ப சும்மா டீம் இல்ல, 2004லேர்ந்து 2007 வரை தொடர்ந்து 4 தடவை யூரோபௌல் தூக்கினவங்க.

---

புது ஆளு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், நான் அமெரிக்காவோட என்எஃப்எல் லீக் மட்டும் பாக்குறவன், சூப்பர் பௌல் அன்னைக்கு விடியக்காலைல அலாரம் வெச்சு எந்திரிக்கிற கேஸ். நீங்க பேசுறதுல பாதி புரியல. கிளப்னா சாக்கர் கிளப் மாதிரியா? ஒவ்வொரு நாட்டுலயும் தனி லீக் இருக்கா? அப்புறம் இந்தக் கோப்பை எப்ப ஆடுவாங்க, சீசன் முடிஞ்சா?

---

பஸ் நம்பர் 52 எழுதியது:

புது ஆளு, நான் சொல்றேன், ஜெர்மனில இருக்கேன், இந்த ஆட்டத்தைப் பக்கத்துலேர்ந்து பாத்துட்டு இருக்கிறவன்.

ஆமா, சாக்கர் மாதிரியேதான். இங்க ஜிஎஃப்எல் (ஜெர்மன் ஃபுட்பால் லீக்), அதுக்குக் கீழ ஜிஎஃப்எல் 2, அதுக்குக் கீழ ரீஜியனல், ஏறலாம் இறங்கலாம். ஆஸ்திரியாவுக்கு ஒரு லீக், இத்தாலிக்கு ஒண்ணு, பிரான்ஸ், ஸ்வீடன், ஃபின்லாந்து எல்லாருக்கும் உண்டு. அமெரிக்கா மாதிரி டிராஃப்ட் (புது ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுக்கிற முறை), ஃபிராஞ்சைஸ் கதையெல்லாம் இல்ல, கிளப்னா மெம்பர்ஷிப் கட்டி நடத்துற சங்கம், சின்னப் பசங்க டீம்லேர்ந்து சியர்லீடிங் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ.

சீசன் இங்க வெயில் காலத்துல. ஏப்ரல் மே ஆரம்பிச்சு செப்டம்பர் அக்டோபர் வரைக்கும். ஐரோப்பியக் கோப்பையை அந்த சீசன் நடுவுலயே சொருகுவாங்க, வசந்த காலத்துல குரூப் மேட்ச், ஃபைனல் பெரும்பாலும் ஜூன் ஜூலை வாக்குல. குரூப்னா பெரும்பாலும் 3 டீம். ஒருத்தரோட உள்ளூர்ல ஒரு மேட்ச், இன்னொருத்தரோட வெளியூர்ல ஒரு மேட்ச், ஜெயிச்ச டீம் அடுத்த சுற்று. ஏன் இவ்ளோ கம்மின்னா இந்த ஆட்டத்துல வாரத்துக்கு ஒரு மேட்ச்தான் உடம்பு தாங்கும். சாக்கர்ல புதன்கிழமை சாம்பியன்ஸ் லீக் சனிக்கிழமை உள்ளூர் லீக்னு ஆடுற மாதிரி இங்க முடியாது. அதனால கோப்பை மேட்ச் ஒண்ணு ஆடினா உள்ளூர் லீக்ல ஒரு வாரம் காலி, இல்லன்னா ஓய்வு வாரம் காலி. ரெண்டாம் அடுக்கு கோப்பையோட முதல் எதிரி எதிர் டீம் இல்ல, காலண்டர்.

இன்னொண்ணு, மைதானத்துல அமெரிக்க இம்போர்ட் (அங்கேர்ந்து கூட்டிட்டு வர்ற ஆட்டக்காரர்) ஒரே நேரத்துல 2 பேர்தான் நிக்கலாம்னு ஜெர்மனில விதி, மத்த நாடுகள்லயும் இந்த மாதிரி ஏதாவது கட்டுப்பாடு இருக்கும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் ஒருத்தர் அமெரிக்கனா வெச்சுட்டா மிச்சம் ஒரு இடம்தான். மத்தவங்க எல்லாம் உள்ளூர் ஆளுங்க, எலக்ட்ரீஷியன், டீச்சர், காலேஜ் பையன். வெள்ளிக்கிழமை வேலை முடிச்சுட்டு பஸ் ஏறுவாங்க.

---

மூணாவது டவுன் எழுதியது:

//வெள்ளிக்கிழமை வேலை முடிச்சுட்டு பஸ் ஏறுவாங்க//

இதைத்தான் நானும் சொல்றேன். சொந்த லீவைப் போட்டு, உள்ளூர் லீக்ல பிளேஆஃப் வாய்ப்பைப் பணயம் வெச்சு எதுக்கு இந்தப் பயணம்?

அப்புறம் ரவுடி, ஆட்லர் உதாரணம் செல்லாது. ஆட்லர் 1991லயே யூரோபௌல் ஜெயிச்ச கிளப், ஜெர்மன் சாம்பியன் பட்டம் பல தடவை எடுத்தவங்க. ஈஃபாஃப் கப் அவங்களை வளர்க்கல, அவங்க கொஞ்ச நாள் சரிஞ்சிருந்தப்ப வழியில கிடைச்ச கப் அது. ஏற்கெனவே பணக்காரன் லாட்டரி அடிச்ச கதை.

---

ரெட்ஸோன் ரவுடி எழுதியது:

சரி ஆட்லரை விடுங்க, ஃபிராங்க்ஃபர்ட் யூனிவர்ஸை எடுங்க. இவங்க கதை தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்ல என்எஃப்எல் ஐரோப்பா (அமெரிக்க என்எஃப்எல் அங்க நடத்தின லீக்) காலத்துல கேலக்ஸின்னு ஒரு டீம், கூட்டம் அள்ளும். 2007 ஜூன் 23ல அந்த லீக்கோட ஃபைனலான வேர்ல்ட் பௌல் அங்கயே நடந்துச்சு, ஹாம்பர்க் சீ டெவில்ஸ் 37-28னு கேலக்ஸியை ஜெயிச்சாங்க, 48,000 பேருக்கு மேல வந்திருந்தாங்க. சரியா 6 நாள் கழிச்சு, ஜூன் 29ல, அமெரிக்காக்காரன் லீக்கையே இழுத்து மூடிட்டான். வருஷத்துக்கு 30 மில்லியன் டாலர் நஷ்டம்னு கணக்கு. 48,000 பேர் வந்த ஊருக்கு அடுத்த வாரம் டீமே இல்ல!

ரசிகர்களும் பழைய ஆளுங்களும் சேர்ந்து அதே 2007ல யூனிவர்ஸ்னு கிளப் ஆரம்பிச்சாங்க. முதல் டிவிஷன் கிடையாது, கீழேர்ந்து ஏறணும். 2016ல ஜிஎஃப்எல் மேல் டிவிஷனுக்கு வந்தாங்க, வந்த அதே வருஷம் ஈஎஃப்எல் பௌல் ஃபைனல்ல ஆம்ஸ்டர்டாம் க்ரூசேடர்ஸை ஜெயிச்சு கப் அடிச்சாங்க, அடுத்த வருஷம் பிக் சிக்ஸ்ல ஆடி யூரோபௌல் ஃபைனல் வரைக்கும் போனாங்க. தோத்தாங்க, அது வேற. ஆனா 10 வருஷத்துல ஒண்ணுமில்லாத இடத்துலேர்ந்து அங்க போயிருக்காங்க. போட்ஸ்டாம் ராயல்ஸும் அதே ரூட். 2018ல ஈஎஃப்எல் பௌல், 2019ல யூரோபௌல், அப்புறம் 2023, 2024 ரெண்டு வருஷமும் ஜெர்மன் சாம்பியன். ஏணி இல்லாம மாடிக்குப் போக முடியாது அண்ணே.

---

குவர் வாசி எழுதியது:

தம்பிமார், உங்கட சண்டைக்குள்ள நானும் ஒருக்கா வாறன். நான் இருக்கிறது சுவிஸில குவர் பக்கம், எங்கட ஊர் டீம்தான் கலாண்டா புரோன்கோஸ். 2012ல யூரோபௌல் வென்றவை, அதுவும் வியன்னா வைகிங்ஸை. சுவிஸ் கிளப் ஒண்டு ஐரோப்பாவில முதலாவதா வருமெண்டு ஆர் நினைச்சது? இஞ்ச உள்ளூர் லீக்கில அவைக்கு எதிரியே இல்லாத காலம் அது, பாதி மேட்ச் இடைவேளைக்கு முன்னமே முடிஞ்சிடும், சனம் போத்தலை எடுத்துக்கொண்டு கதைச்சுக்கொண்டு நிக்கும், ஒருத்தரும் ஸ்கோர்போர்டைப் பாக்கிறேல்ல.

உங்கட கேள்விக்குப் பதில் அதுக்குள்ளதான் கிடக்கு. ஜெர்மனி மாதிரி நாட்டில உள்ளூர் லீக்கே பலமானது, அவைக்கு ஐரோப்பா ஒரு கூடுதல் சுமை. சுவிஸ், ஒல்லாந்து, செக், சேர்பியா மாதிரி இடங்களில நல்ல கிளப் ஒண்டுதான் இரண்டுதான் இருக்கும், அவைக்கு உண்மையான மேட்ச் வேணுமெண்டால் எல்லை தாண்டித்தான் போகோணும். இரண்டாம் அடுக்கு அவைக்குத்தான் தேவைப்பட்டது.

---

மூணாவது டவுன் எழுதியது:

குவர் வாசி அண்ணை, நீங்க சொன்னது எனக்குச் சாதகமா போகுதுன்னு நினைக்கிறேன், பாருங்க. ரவுடி ஏணின்னு சொன்ன மூணு கிளப்பும் ஜெர்மன் கிளப். ஏறினவன் எல்லாம் ஜெர்மனி. ஆனா ஏணி தேவைப்பட்டது ஒல்லாந்துக்கும் சுவிஸுக்கும். தேவைப்பட்டவனுக்கு அது ஏணியா இருந்துச்சா?

2016 ஃபைனல்ல யூனிவர்ஸ்கிட்ட தோத்த ஆம்ஸ்டர்டாம் க்ரூசேடர்ஸ் யார் தெரியுமா? 1988, 1989 ரெண்டு யூரோபௌல் ஃபைனல்ல தோத்து, 1992ல ஜெயிச்சே காட்டினவங்க. ஆரம்ப காலத்தை எடுத்துப் பாருங்க, 1986ல வான்டா, 88ல ஹெல்சிங்கி ரூஸ்டர்ஸ், 89ல இத்தாலியோட லென்யானோ ஃப்ராக்ஸ், 90ல மான்செஸ்டர் ஸ்பார்ட்டன்ஸ், 93லயும் 94லயும் லண்டன் ஒலிம்பியன்ஸ். எவ்ளோ நாடு பாத்தீங்களா. 1995க்கு அப்புறம் பெர்காமோ லயன்ஸ் 2000லேர்ந்து 2002 வரை 3 தடவை, 2012ல கலாண்டா, இதை விட்டா 2019 வரைக்கும் முழுக்க ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்தான். பிக் சிக்ஸ் வந்தப்புறம் இன்னும் மோசம், 2015லேர்ந்து 2018 வரைக்கும் நாலு வருஷமும் பிரவுன்ஷ்வைக் லயன்ஸ்தான் யூரோபௌல், அவங்க ஃபைனல்ல அடிச்சதும் ஜெர்மன் டீம்களைத்தான். ஜெர்மன் லீக் செமிஃபைனலை ஐரோப்பான்னு பேர் மாத்தி ஓட்டின மாதிரி இருந்துச்சு.

ஆக மேல இருந்த பழைய நாடுகள் ஒவ்வொண்ணா கீழ சறுக்கி இந்த ரெண்டாம் அடுக்குல வந்து விழுந்துச்சு, அங்கயும் புதுசா வர்ற ஜெர்மன் கிளப் வந்து அடிச்சுட்டு மேல போயிடும். இதுல க்ரூசேடர்ஸுக்கு என்ன கிடைச்சுது?

---

பஸ் நம்பர் 52 எழுதியது:

என்ன கிடைச்சுதுன்னு நான் பாத்ததைச் சொல்றேன், புள்ளிவிவரம் இல்ல.

இங்க ஒரு கிளப்புக்கு, பேர் வேணாம், வாலண்டியரா செயின் தூக்குறவன் நான். பந்து எவ்ளோ தூரம் நகர்ந்துச்சுன்னு அளக்குற 10 கெஜம் சங்கிலி இருக்குல்ல, ரெண்டு முனையில ஆரஞ்சு கம்பு, அதுல ஒரு கம்பு என் கையில. சைடுலைன்ல எதிர் டீம் பக்கம் நிக்கணும், அதனால அவங்க பேசுறது, மூச்சு வாங்குறது எல்லாம் காதுல விழும்.

ஒரு கோப்பை மேட்ச்சுக்கு எதிர் டீம் ராத்திரி முழுக்க பஸ்ல வந்தாங்க. காலைல ஸ்கூல் ஜிம்ல பாய் விரிச்ச மாதிரி மேட் போட்டுப் படுத்திருந்தாங்க, 120 கிலோ லைன்மேன் ஒருத்தன் கால் மேட்டுக்கு வெளிய தரையில. சாக்கர் மைதானம் அது, வெள்ளைக் கோடு சாக்கருக்கு, மேல மஞ்சள்ல நம்ம கெஜக் கோடு, வெயில் அடிச்சா எது எதுன்னு ரெஃப்ரிக்கே குழப்பம். டிரஸ் பண்ணி வந்தது 30 பேர்கூட இருக்காது, நம்ம பக்கம் பெஞ்சே 45. அந்த 120 கிலோ ஆளுதான் அவங்க சென்டர், ஆஃபென்ஸ்ல பந்தைப் பின்னால குடுத்து ஸ்நாப் பண்ணிட்டு, பந்து கை மாறினதும் வெளிய வராம அப்படியே டிஃபென்ஸ்ல நடுவுல நோஸ் டேக்கிளா நின்னான். முழு மேட்ச்சும் ரெண்டு பக்கமும். மூணாவது குவார்ட்டர்ல கெண்டைக்கால் இழுத்துகிச்சு, என் காலடியில வந்து விழுந்தான், ஒருத்தன் ஓடிவந்து காலைப் பிடிச்சு நீட்டி விட்டான், இன்னொருத்தன் ஊறுகாய் பாட்டில் தண்ணியை வாயில ஊத்தினான், அடுத்த டவுனுக்கு எந்திரிச்சுப் போயிட்டான்.

பெரிய வித்தியாசத்துல தோத்தாங்க. அவங்க இம்போர்ட் குவார்ட்டர்பேக், அமெரிக்கப் பையன், சின்ன காலேஜ்ல ஆடி முடிச்சவன், அங்க அவனுக்கு ஒரு ரூமும் கைச்செலவுக்குக் காசும் தர்றாங்களாம், பதிலுக்கு வாரநாள்ல சின்னப் பசங்களுக்கு கோச்சிங். மேட்ச் முடிஞ்சு வறுத்த சாசேஜ் கடை முன்னாடி ரெண்டு டீமும் ஒரே வரிசையில நின்னு வாங்கித் தின்னாங்க. அப்புறம் அவங்க கோச் நம்ம ஆஃபென்ஸ் கோச்சைப் பிடிச்சுகிட்டு ஒரு பேப்பர் தட்டுல பேனாவால பிளே வரைஞ்சு வரைஞ்சு கேள்வி கேட்டுட்டு இருந்தார், பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் விடல. அவருக்கு அந்தப் பேச்சு அவர் ஊர்ல கிடைக்காது, பேச ஆளில்ல.

இதுக்கு விலை போட முடியாது, ஆனா பஸ்ஸுக்கு விலை இருக்கு. அதுதான் பிரச்சனை.

---

மூணாவது டவுன் எழுதியது:

52, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கடைசி ரெண்டு வரியில நீங்களே என் பக்கம் வந்துட்டீங்க.

---

டச்பேக் தங்கராசு எழுதியது:

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. ரெண்டாம் அடுக்கு இன்டர்நேஷனல்னா என்எஃப்எல் ஐரோப்பாவே ரெண்டாம் அடுக்குதானே? குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் 1998ல ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ்ல ஆடினார், ரெண்டே சீசன்ல ராம்ஸ் டீமோட சூப்பர் பௌல் ஜெயிச்சு எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). அவருக்கு அங்க பேக்கப்பா இருந்த ஜேக் டெலோம் பின்னாடி பாந்தர்ஸை சூப்பர் பௌலுக்குக் கூட்டிட்டுப் போனார். பிரபல கிக்கர் ஆடம் வினட்டியேரியும் 1996ல அதே அட்மிரல்ஸ்தான். இவ்ளோ பேரை உருவாக்கின ஒரு ரெண்டாம் அடுக்கை விட்டுட்டு சாசேஜ் கடை கதை பேசிட்டு இருக்கீங்க.

---

ரெட்ஸோன் ரவுடி எழுதியது:

தங்கராசு, அது கிளப் போட்டியே இல்ல. அமெரிக்காக்காரன் தன் பையனை வெயில் காலத்துல ட்ரெயினிங் அனுப்பின இடம். வார்னர் ஆம்ஸ்டர்டாம்ல வளர்ந்ததால ஆம்ஸ்டர்டாம் க்ரூசேடர்ஸுக்கு ஒரு நயா பைசா பிரயோஜனம் உண்டா? அதே ஊர்ல ரெண்டு டீம், ஒண்ணு அமெரிக்கன் பணத்துல பெரிய ஸ்டேடியத்துல, இன்னொண்ணு உள்ளூர் பசங்களோட சின்ன கிரவுண்டுல. ரசிகன் எங்க போவான்?

இங்கேர்ந்து அங்க போன ஆளைச் சொல்லுங்க, மோரிட்ஸ் போரிங்கர். ஷ்வேபிஷ் ஹால் யூனிகார்ன்ஸ்ல ஆடினவன், ஊரே ஒரு 40,000 ஜனம் இருக்கும். 2016 டிராஃப்ட்ல ஆறாவது ரவுண்டு 180வது ஆளா மின்னசோட்டா வைகிங்ஸ் எடுத்தாங்க, அமெரிக்கக் காலேஜ் பக்கமே போகாம நேரா. அவன் கிளப் உருவாக்கின ஆள்.

---

குவர் வாசி எழுதியது:

அதுவும் ஜெர்மன் லீக்கில காட்டின ஆட்டத்தாலயும் பிறகு அங்க செய்த உடற்தகுதிச் சோதனையாலயும் வந்த பேர், ஐரோப்பியக் கோப்பையால இல்லை. இரண்டாம் அடுக்கு மேட்சுக்கு ஒரு கமராகூட ஒழுங்கா இருக்காது, வீட்டுக்காரர் ஆரும் போனில எடுத்து யூடியூப்பில போட்டால் உண்டு.

---

புது ஆளு எழுதியது:

குறுக்க ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல இப்படி ஒரு லீக் வந்துச்சுல்ல? சென்னைக்குக்கூட டீம் இருந்ததா எங்கயோ படிச்சேன்.

---

டச்பேக் தங்கராசு எழுதியது:

எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா. 2012ல ஓடிச்சு, 8 டீம், சென்னை ஸ்வார்ம் நம்மளுது, கொழும்பு லயன்ஸ்னு இலங்கைக்கும் ஒண்ணு. மைக் டிட்கா, ரான் ஜவோர்ஸ்கின்னு என்எஃப்எல் பெரிய தலைங்க எல்லாம் பின்னாடி நின்னாங்க, முதல் பட்டம் புனே மராத்தாஸுக்கு. ரக்பி ஆளு, தடகள ஆளு எல்லாரையும் பிடிச்சு ஹெல்மெட் மாட்டி விட்டாங்க. கிளப்பும் இல்ல, ஸ்கூல் டீமும் இல்ல, நேரா மாடியிலேர்ந்து கட்ட ஆரம்பிச்சாங்க, நிக்கல.

---

மாடரேட்டர்:

இந்தியா லீக் பத்தித் தனி இழை இருக்கு, அங்க போங்க. இங்க ஐரோப்பா.

---

பஸ் நம்பர் 52 எழுதியது:

சரி, முடிவு எப்படி வந்துச்சுன்னு பேசலாம், ஏன்னா மூணாவது டவுன் "யாருக்கும் வேண்டாம், அதனால செத்துச்சு"ன்னு போறாரு, அது பாதிதான் உண்மை. கிளப்கள் விட்டதுக்குக் காசு காரணம், சரி. ஆனா அந்தக் காசை ஒருத்தன் திரும்பக் கொண்டு வரணும்னா ஸ்பான்சர் கிட்ட "அடுத்த வருஷமும் இதே கோப்பை இதே பேர்ல நடக்கும்"னு சொல்ல முடியணும். 2013 வரைக்கும் ஈஃபாஃப் கப், 2014ல பேர் ஈஎஃப்எல், பழைய ஸ்பான்சர் ஈஎஃப்எல்னா மேல் அடுக்குன்னு நினைச்சுட்டு இருப்பான். அதே சமயத்துல உலகச் சம்மேளனத்துலயே அடிதடி. 2015 உலகக் கோப்பை ஸ்டாக்ஹோம்ல நடக்க வேண்டியது, ஸ்வீடன்ல பணம் புரளலன்னு 2014 கடைசியில கைவிட்டு, அப்புறம் ஒஹாயோவுல கான்டன்ல கொண்டு போய் சின்னதா நடத்தினாங்க. அதுக்கப்புறம் சம்மேளனமே ரெண்டா உடைஞ்சு, நான்தான் அசல் நான்தான் அசல்னு ரெண்டு கோஷ்டி, கேஸ் விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய் 2018லதான் ஒரு தீர்ப்பு. இந்த நேரத்துல ஐரோப்பால யார் எந்தக் கோப்பையை நடத்துறான், யார் ஜெயிச்சா அது செல்லும்னே குழப்பம். கிழக்குப் பக்கம் சேர்பியாக்காரங்க ஆரம்பிச்ச சிஇஎஃப்எல் (சென்ட்ரல் யூரோப்பியன் ஃபுட்பால் லீக்) தனியா வளர்ந்து, ஆஸ்திரியாவோட ராய்டர்ஸ் மாதிரி பெரிய கிளப்களே அங்க போக ஆரம்பிச்சாங்க. மேல் அடுக்கு எதுன்னே தெரியாதப்ப ரெண்டாவது அடுக்கு எதுக்கு ரெண்டாவது?

---

ரெட்ஸோன் ரவுடி எழுதியது:

கடைசி வரிக்கு 100 லைக். அப்படியே ஈஎல்எஃப் பக்கம் வாங்க. 2021ல 8 டீமோட ஆரம்பிச்சு, பழைய என்எஃப்எல் ஐரோப்பா பேரையெல்லாம் எடுத்தாங்க, கேலக்ஸி, சீ டெவில்ஸ், தண்டர், டிராகன்ஸ். முதல் ஃபைனலே கேலக்ஸி 32-30 சீ டெவில்ஸ், 2007க்குப் பழிவாங்கின மாதிரி எடுத்துக்கலாம். 2022ல வியன்னா வைகிங்ஸ் உள்ள வந்து கப் தூக்கினாங்க, 2023லயும் 2024லயும் ரைன் ஃபயர், 2025ல ஷ்டுட்கார்ட் சர்ஜ். 2023 ஃபைனலுக்கு டூயிஸ்பர்க்ல 31,000 பேர் வந்தாங்க, யூரோபௌலுக்கு இதெல்லாம் கனவு.

ஃபிராங்க்ஃபர்ட்ல என்ன ஆச்சு பாருங்க, யூனிவர்ஸோட கோச் தாமஸ் கோஸ்லிங்கே கேலக்ஸிக்குப் போயிட்டார், ஆட்டக்காரங்களும் பின்னாலயே. ஈஎஃப்எல் பௌல்ல ஏறி வந்த கிளப் கீழ கிடக்கு, 2007ல செத்த பேர் மேல வந்துடுச்சு.

---

மூணாவது டவுன் எழுதியது:

நீங்க அதைச் சந்தோஷமா சொல்றீங்களா சோகமா சொல்றீங்களான்னு புரியல.

ஈஎல்எஃப்ல ஏறுறது இறங்குறது இருந்ததே இல்ல. லைசென்ஸ் வாங்கினவன் ஆடினான். லைப்சிக் கிங்ஸ் 2023ல சீசன் நடுவுலயே காசு இல்லாம கடையை மூடினாங்க, மிச்ச மேட்ச் அம்போ. 2025ல கிளப்களே கூட்டமைப்பு அமைச்சு லீக் நிர்வாகத்தோட முட்டிகிட்டாங்க. மேல் அடுக்கோட லட்சணம் இது. இதுக்குக் கீழ ரெண்டாம் அடுக்குன்னு ஒண்ணு வெச்சா எங்கேர்ந்து எங்க ஏறுவான்?

ஆனா ஷ்டுட்கார்ட் சர்ஜ் ஒண்ணு மட்டும் ஆச்சரியம். 2022ல 12 மேட்ச்ல 12ம் தோல்வி. ஜோர்டன் நியூமன்னு யூனிகார்ன்ஸ் கோச்சைக் கூட்டிட்டு வந்தாங்க, 2023ல ஃபைனல், 2025ல சாம்பியன். அந்த ஆளு கோச்சா பேர் எடுத்தது ஷ்வேபிஷ் ஹால்ங்கிற சின்ன ஊர்ல.

---

குவர் வாசி எழுதியது:

அப்ப கிளப்புகள்தான் ஆளை உருவாக்கினது எண்டு நீங்களே ஒத்துக்கொள்ளுறியள். கிளப் உயிரோட இருக்கோணுமெண்டால் அதுக்கு எல்லை தாண்டின மேட்ச் ஒண்டிரண்டு வேணும். பெரிய கோப்பையெண்டு பேர் வைக்கத் தேவையில்லை. போடன்சே ஏரியைச் சுத்தி சுவிஸ், ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி கிளப்புகள் நாலு சேர்ந்தால் காலமை வெளிக்கிட்டு இரவு வீட்டை வந்து சேரலாம். ஹொட்டல் காசே இல்லை. ஈஃபாஃப் கப் செய்த பிழை என்னெண்டால் சின்னக் கிளப்பை எடுத்து பெரிய கண்டம் முழுக்க ஓட விட்டது.

---

பஸ் நம்பர் 52 எழுதியது:

இதைத்தான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். 300 கிலோமீட்டருக்குள்ள குரூப், அதுவும் சீசனுக்கு முன்னாடி மார்ச் மாசம். குளிர்ல கை விறைக்கும், பரவால்ல. உள்ளூர் லீக்கைத் தொடாது. குரூப்ல ஜெயிச்சவனுக்கு மட்டும் ஒரு ஃபைனல், அதுக்கு வேணா பஸ் பிடிக்கலாம்.

---

டச்பேக் தங்கராசு எழுதியது:

கனவு காணுங்க. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காம இடுப்புக் கொடியைப் பிடுங்குற வகை) வந்தாச்சு, எல்லா நாட்டுச் சங்கமும் இனி அரசாங்கப் பணத்தை அந்தப் பக்கம்தான் திருப்பும். 5 பேருக்கு 5 பேர், ஸ்குவாடே 10, 12. ஜெர்மனில வால்டார்ஃப்ல நடக்கிற பிக் பௌல் பாருங்க, எத்தனையோ நாட்டுலேர்ந்து கிளப் வந்து ஒரே வீக்எண்ட்ல முடிச்சுட்டுப் போறான். பேடு இல்ல, ஹெல்மெட் இல்ல, ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கணும்னு கட்டாயம்கூட அவ்ளோ இல்ல. ரெண்டு வேன் போதும்.

---

மூணாவது டவுன் எழுதியது:

ஃப்ளாக்ல பிளாக்கிங்கே (எதிராளியை உடம்பால தடுக்கிறது) கிடையாது. 52 சொன்ன அந்த 120 கிலோ ஆளு அங்க என்ன பண்ணுவான், வேன் ஓட்டுவானா?

---

பஸ் நம்பர் 52 எழுதியது:

அவன் போன வருஷமும் எங்க ஊருக்கு ஃப்ரெண்ட்லி ஆட வந்தான். கோப்பையும் இல்ல, டேபிளும் இல்ல, ரெண்டு கிளப் சேர்மனும் போன்ல பேசி தேதி வெச்சாங்க. இன்னமும் ரெண்டு பக்கமும் ஆடுறான். இந்தத் தடவை 17 வயசுப் பசங்க நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, அதுல ஒருத்தன் நம்ம கார்னர்பேக்கை ரெண்டு தடவை தாண்டி ஓடிப் போய் டச்டவுன் போட்டுட்டான். தேதி, ஸ்கோர் வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, வீடியோ ஒருத்தர் போன்ல எடுத்திருக்கார், கை ஆடுது, பாத்துக்கலாம்.

---

மூணாவது டவுன் எழுதியது:

லிங்க் அனுப்புங்க.